பாரதக் கூத்தில் மூவிடம்

கதை கேட்டலும் கூத்துக் காண்டலும் பொழுதுபோக்கின்பாற் பட்டன என்றே பலரும் கருதுவர். ஆயின், ஒரு மக்கட்குழு தன்னை இன்னதென அறிந்து கொள்ளுதற்கு அவை கருவியாதலும் உண்டு. அவ்வறிதல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதனைத் தமிழ் இலக்கணத்தின் மூவிடப் பாகுபாட்டைத் துணைக்கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் திரௌபதியம்மன் விழாவில் ஆடப்பெறும் பாரதக் கூத்தே ஈண்டு ஆய்வுக்குரிய பொருள்.

படர்க்கை

இவ்விழாவிற் பகலில் பாரதம் படிக்கப்பெறும். 4,000-க்கு மேற்பட்ட வில்லிபுத்தூரார் பாடல்களினின்றும் வேண்டுவனவற்றை ஒருவர் இசையோடு படித்துப் பொருள் விரிப்பார். இரவில் அக்கதைப் பகுதிகள் கூத்தாக ஆடப்பெறும். பகலிற் கேட்கும் கதை முற்றும் படர்க்கையது. பாண்டவர் எங்கோ, என்றோ வாழ்ந்தோர்; கேட்போர் அவரின் வேறானவர்.

இரவில் நிலை மாறத் தொடங்குகின்றது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னின்று வேடங்கொண்டோன் பாடுகின்றான். துரியோதனனாக வருவோன், துரியோதனன் வந்தான் எனத் தன்னையே படர்க்கையில் வைத்துப் பாடுதல் மரபு. தானும் தான் கொண்ட வேடமும் வேறு என்பதனை அவன் மறைப்பதில்லை. எனினும், அப்பாட்டில் வரும் வினை 'வருதல்' என்பது நோக்கற்பாலது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் உரைத்த வரையறை. அதன்வழி நோக்கின், பெயராற் படர்க்கையில் நிற்கும் துரியோதனன், வினையால் நம்பால் வந்துவிட்டான் எனலாம்.

முன்னிலை

வந்தவனை 'நீர் யார், எந்நாட்டவர்?' என வினவுவோன் கட்டியக்காரன். அவன் அரசனுக்கு ஏவலன், அவையோருக்கு உறவினன். அரசன் கூற்றை ஊர்ப்பேச்சிற் பெயர்த்துரைப்பான். அரிசி விலையையும் ஊர்ப் பூசலையும் அத்தினபுரத்து அவையிற் பேசுவான். கதைமாந்தரும் ஊர்மாந்தரும் ஒருவரையொருவர் முன்னிலைப்படுத்தும் இடம் இதுவே.

அச்சேறிய கூத்து நூல்களில் விருத்தமும் தருவும் உள. கட்டியக்காரன் கூற்றோ பெரும்பாலும் இல்லை. அஃது அவ்வவ்விரவில், அவ்வவ்வூரிற் பிறப்பது. ஆதலின், நூலொன்றே கொண்டு கூத்தை ஆராய்வார் கதையைப் பெறுவர், ஊரை இழப்பர்.

தன்மை

துகிலுரியும் இரவில், சேலையைத் தொடுமுன் துச்சாதன வேடத்தான் கற்பூரம் ஏற்றி வணங்குதல் பல குழுக்களின் வழக்கம். வேடம் பழி செய்கின்றது. ஆடுவோன் பொறுத்தருள வேண்டுகின்றான். அருச்சுனன் தவத்தின்போது நெடிய மரத்தின்மீதேறிய கூத்தன் எறியும் எலுமிச்சங்கனியை, மகப்பேறு வேண்டும் மகளிர் மடியில் ஏற்பர். படுகளத்தன்று மண்ணாற் செய்த பேருருவாகத் துரியோதனன் திடலிற் கிடப்பான். அவன் தொடை பிளக்கப்பட்டபின் திரௌபதி கூந்தல் முடிப்பாள். பின்னர் ஊரார் தீ மிதிப்பர். அப்போது அரங்கு எனத் தனியே ஒன்றில்லை. ஊரே குருக்கேத்திரம் ஆகின்றது. காண்போர் என்னும் பெயரும் அவர்க்குப் பொருந்தாது. படர்க்கையில் தொடங்கிய கதை இங்ஙனம் தன்மையில் முடிகின்றது.

நாமும் நாங்களும்

இவ்வளவில் அமைந்துவிடின் ஆய்வு நிறைவுறாது. தமிழில் தன்மைப் பன்மை இருவகைத்து. கேட்போரை உளப்படுத்துவது 'நாம்'; அவரை விலக்குவது 'நாங்கள்'. கூத்து ஈனும் தன்மை இவற்றுள் எது?

'நாம்' என்பதற்குச் சான்று உண்டு. வில்லிபாரதத்தில் இல்லாத முத்தால ராவுத்தன் என்னும் இசுலாமிய வீரன், திரௌபதியம்மன் கோயில்கள் பலவற்றிற் காவலனாக நிற்கின்றான். செஞ்சிப் பகுதியை நடுவாகக் கொண்டு இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்ட ஆல்ஃப் இல்டபைட்டல் அவனை விரிவாக ஆராய்ந்துள்ளார். அயலான் எனத் தக்கவனையும் கதைக்குள் ஏற்றுக்கொண்ட உள்ளம் அது.

'நாங்கள்' என்பதற்கும் சான்று உண்டு. விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதித் திரௌபதியம்மன் கோயிலிற் பட்டியல் வகுப்பினர் வழிபடுதற்கு எழுந்த தடையாற் பூசல் மூண்டு, 2023 சூன் திங்களில் அரசு அலுவலர் அக்கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். அவையிடை இழிவுறுத்தப்பட்ட ஒருத்தி நீதி வினவிய கதைக்குரிய கோயிலில் இது நிகழ்ந்தது என்பதனை மறத்தலாகாது.

எனவே, கூத்து மக்களை என்றும் ஒன்றுபடுத்தும் என்று போற்றுதலும், அது பழைமையின் எச்சம் என்று ஒதுக்குதலும் ஒருதலையான முடிவுகளே. ஓர் ஊர் தன் தன்மைப் பன்மையை ஆண்டுதோறும் புதிதாக வகுத்துக் கொள்ளும் களம் கூத்து. அக்களத்திற்குச் செல்லும் ஆய்வு மாணவர் பாட்டைக் குறித்தலோடு அமைதல் போதாது. கட்டியக்காரன் 'நாம்' என்னும்போது யாரை நோக்கி நிற்கின்றான், யார் எங்கே அமர்ந்துள்ளனர், யார் அங்கே இல்லை என்பனவற்றையும் குறித்து வருதல் வேண்டும். நூலிற் காணவியலாத பாரதம் அக்குறிப்புகளிலேயே கிடைக்கும்.