வந்திருப்பது கட்டு விரியனா, வெள்ளிக்கோல் வரையனா?

மழை விட்ட ராத்திரி. பாத்ரூம் லைட்டைப் போட்டால் சுவரோரமாகப் பென்சில் கனத்தில் ஒரு பாம்பு. உடம்பில் வெள்ளை வரிகள். "ஐயையோ, கட்டு விரியன்!" என்று வீட்டம்மா போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தடியோடு ஓடி வருவார். இரண்டே நிமிடத்தில் அதன் கதை முடிந்துவிடும். இப்படிச் சாகிற பாம்புகளில் பல, கட்டு விரியனே கிடையாது.

அது வெள்ளிக்கோல் வரையன். ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வார்கள். முன்பற்கள் சற்றுப் பெரிதாக இருப்பதால் வந்த பெயர். மனிதருக்கு ஆபத்தான விஷம் அதற்கு இல்லை. டியூப் லைட்டைத் தேடிப் பூச்சி வருகிறது, பூச்சியைத் தேடிப் பல்லி, பல்லியைத் தேடி இது. உங்களைத் தேடி வரவில்லை.

சரி, எப்படி அடையாளம் காண்பது? ஆறு அடி தள்ளி நின்று, நல்ல வெளிச்சத்தில் வரிகளைப் பாருங்கள். வரையனுக்குக் கழுத்துப் பக்கம் வரிகள் பளிச்சென்று இருக்கும். வாலை நோக்கிப் போகப் போக மங்கிவிடும். கட்டு விரியனுக்கு நேர் எதிர். தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வரியே இல்லாமலோ, வெறும் புள்ளிகளாகவோ இருந்து, வாலை நோக்கித் தெளிவாகும். அதன் வரிகள் மெல்லியவை, பெரும்பாலும் ஜோடி ஜோடியாக அமைந்தவை. உடம்பு பளபளப்பான கறுப்பு. வரையனோ பெரும்பாலும் பழுப்பு. தலை தட்டையாக, கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். சொரசொரப்பான சுவரில் சர்வசாதாரணமாக ஏறும். கட்டு விரியன் பொதுவாகத் தரையோடு போகிற ஜாதி.

கட்டு விரியனின் நடுமுதுகில் அறுகோணச் செதில்கள் பெரிதாக ஒரு வரிசை இருக்கும். நிச்சயமான அடையாளம்தான். ஆனால் அதைப் பார்க்க நீங்கள் குனிய வேண்டும். வேண்டாம் சார்!

இன்னொரு சங்கடமும் உண்டு. கட்டு விரியன் குட்டிக்குத் தலைக்குப் பக்கத்திலேயே வரி தொடங்கலாம். வரையனிலும் கறுத்தது உண்டு. ஆகவே துளி சந்தேகம் வந்தாலும் கட்டு விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கடிபடாதவர்களுக்கு. கடித்துவிட்டால் வரி எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. கட்டு விரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. கடிவாய் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். "எறும்பு கடிச்சிருக்கும்" என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி. பிறகு இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். தரையில் படுத்து எழுந்தவர் இமை சொருகி, வயிற்று வலி என்று சொன்னால் அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

"சிறியாநங்கை இலையை மென்னு பார்த்தோம் டாக்டர், கசந்துச்சு. அப்ப விஷம் ஏறலைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. சித்த மருத்துவம் படித்த நானே சொல்கிறேன்: சிறியாநங்கை நல்ல மூலிகை, ஆனால் விஷம் பார்க்கும் கருவி அல்ல. கசந்தாலும் கசக்காவிட்டாலும் போக வேண்டிய இடம் பெரிய ஆஸ்பத்திரி. கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு ஊசிதான். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர்களில் நம் இருளர்கள் முக்கியமானவர்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இயங்கும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது.

பாத்ரூமில் இருக்கும் பாம்புக்கு வருவோம். கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் கோணிப்பையைத் திணித்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கு, 101-க்குப் போன் போடுங்கள். பிடித்துக்கொண்டு போவார்கள். பூண்டுக் கரைசல், பெருங்காயத் தண்ணீர் தெளித்தால் வராது என்பதை நம்பி அம்மிக்கு வேலை வைக்காதீர்கள். தண்ணீர் போகும் ஓட்டைக்குச் சல்லடை மூடி போடுங்கள். வாசலில் குவித்த செங்கல்லையும் விறகையும் அப்புறப்படுத்துங்கள். தரையில் படுக்கிற பழக்கம் இருந்தால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.