தாள்மலர்ப் பூச்சாடி

கொடுக்கும் பொருளின் விலையைக் கொண்டு அன்பை அளத்தல் உலகியலில் காணப்படும் பெரும் பிழைகளுள் ஒன்று. விலைக்கு வாங்கிய பொருளில் பணம் இருக்கிறது. கையால் செய்து அளித்த பொருளிலோ, செய்தவருடைய காலமும் கருத்தும் கலந்திருக்கின்றன. மேலைநாட்டார் பிப்ரவரி 14ஆம் நாளை வாலண்டைன் திருநாள் என்று கொண்டாடுவர். காதலரும் கணவன் மனைவியரும் ஒருவர்க்கொருவர் மலரும் வாழ்த்து மடலும் அளித்து மகிழும் நாள் அது. பின்லாந்து நாட்டினர் அதனையே நண்பர் நாள் என்று போற்றுகின்றனர். அந்நாளில், தம் கையாலேயே அணிசெய்த பூச்சாடியில் மலர்களை இட்டு வழங்குவோரும் உளர். எளிய கண்ணாடிச் சாடி ஒன்று, சில தாள் துண்டுகளாலும் சிறிது பசையாலும் அழகிய பரிசாக மாறுவது எங்ஙனம்? அக்கலையின் வரலாற்றையும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

இக்கலைக்கு டெக்கூபாஜ் என்பது பெயர். வெட்டி எடுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினைச்சொல்லினின்று பிறந்தது இப்பெயர். தாளில் அச்சிட்ட படங்களை விளிம்பு பிசகாமல் கத்தரித்து, மரம், கண்ணாடி, மண் முதலியவற்றாலாகிய பொருள்களின்மேல் ஒட்டி, அவற்றின்மீது வார்னிஷ் என்னும் மெருகெண்ணெயைப் பலமுறை பூசுவதே இதன் இயல்பு.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிற்குச் சென்ற மெருகுப் பெட்டிகளும் பேழைகளும் செல்வர்களின் உள்ளத்தைக் கவர்ந்தன. கீழ்த்திசை நாடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பாலைப் பக்குவப்படுத்தி, அடுக்கடுக்காகப் பூசிச் செய்யப்பட்டவை அவை. அம்மரப்பால் ஐரோப்பியக் கைவினைஞர்க்குக் கிட்டவில்லை. கீழ்நாட்டுப் பொருள்களின் விலையோ மிகுதி. ஆதலின், இத்தாலியின் வெனிஸ் நகரத்துத் தச்சர் ஒரு வழி கண்டனர். அச்சிட்ட படங்களுக்கு வண்ணமிட்டு, வெட்டி, மரப்பொருள்களின்மேல் ஒட்டி, மேலே பலமுறை மெருகெண்ணெய் பூசினர். அவ்வூருக்கு அண்மையிலுள்ள பஸ்ஸானோ நகரின் ரெமொண்டினி அச்சகத்தார் இதற்கேற்ற படத்தாள்களை அச்சிட்டு விற்றனர். இவ்வகைப் பொருள்களை ‘லாக்கா போவெரா’ என்றனர். ஏழை மெருகு என்பது அதன் பொருள். இன்று அந்த ஏழை மெருகுப் பொருள்களைச் செல்வர்கள் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். காலத்தின் விந்தைதான் என்னே!

இங்கிலாந்தில் இது மகளிரின் பொழுதுபோக்காகப் பரவிற்று. இராபர்ட் சேயர் என்பார் 1760ஆம் ஆண்டை ஒட்டி, இக்கலைக்கென ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் அடங்கிய நூலொன்றை வெளியிட்டார். ஏனைய நூல்களைக் கிழித்தல் குற்றம். இந்நூலோ வெட்டுவதற்கென்றே பிறந்தது!

தாளை வெட்டி ஒட்டும் கலையில் பெரும்புகழ் பெற்றவர் மேரி டெலானி அம்மையார் (1700-1788). கணவரை இழந்து தனிமையுற்ற அவ்வம்மையார், சிவந்த தாள் ஒன்றன் நிறமும் ஜெரேனியம் மலரின் நிறமும் ஒத்திருக்கக் கண்டார். உடனே கத்தரிக்கோலை எடுத்தார். அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. இதழ், காம்பு, மகரந்தம் என்று ஒவ்வோர் உறுப்பையும் வண்ணத்தாளில் வெட்டிக் கருநிறத் தாளில் ஒட்டினார். கண்ணொளி குன்றும்வரை பத்தாண்டுகள் உழைத்து, ஏறத்தாழ ஆயிரம் மலர்களை உருவாக்கினார். அவை இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. முதுமை கலைக்குத் தடையன்று என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்ண அச்சுக்கலை வளர்ந்தது. பூக்கள், பறவைகள், குழந்தைகள் முதலிய படங்கள் மலிவாகக் கிடைத்தன. பிரிட்டனில் 1840ஆம் ஆண்டில் ஒரு பென்னி அஞ்சல்முறை வந்தபின், வாலண்டைன் மடல்கள் பெருகின. மடல்களை அணிசெய்த வண்ணப்படங்களே பெட்டிகளையும் திரைத்தட்டிகளையும் அணிசெய்தன.

அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில், பிரான்சிலும் இங்கிலாந்திலும் புதுமோகம் ஒன்று பிறந்தது. கண்ணாடிச் சாடியின் உட்புறத்தில் படங்களை ஒட்டி, எஞ்சிய இடமெல்லாம் வண்ணம் பூசுவர். வெளியிலிருந்து நோக்குவார்க்கு அது விலையுயர்ந்த சீனப் பீங்கான் சாடிபோல் தோன்றும். இதற்குப் ‘போட்டிஷோமேனியா’ என்று பெயரிட்டனர். சாடிப் பித்து என்று நாம் கூறலாம். தோற்றத்தில் குறையில்லை; ஆனால் உள்ளே தாளும் வண்ணமும் இருத்தலின், அதில் நீர் வார்த்தால் அழகு கெடும். பூச்சாடியாகப் பிறந்தது பூவைத் தாங்க இயலாமற் போயிற்று!

இனி, பூவைத் தாங்கும் சாடியை அணிசெய்யும் முறையைக் காண்போம். படங்களை வெளிப்புறத்திலேயே ஒட்டுதல் வேண்டும். முதற்கண் சாடியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி நன்கு உலர்த்துக. எண்ணெய்ப்பசை இருப்பின் ஒட்டு நில்லாது. மெல்லிய தாளில் அச்சிட்ட படங்களைத் தேர்ந்தெடுக்க. கத்தரிக்கும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பினால், வளைவுகள் செம்மையாக அமையும். தட்டையான தாள் உருண்டையான பரப்பில் மடிப்பின்றிப் படியாது. ஆதலின் சாடிக்குச் சிறு படங்களே ஏற்றவை. பெரிய படமாயின், விளிம்பில் ஆங்காங்குச் சிறு பிளவுகள் இடுக.

பசையைப் படத்தின் பின்புறம் மெல்லெனத் தடவி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துணியால் அழுத்துக. உள்ளே காற்றுத் தங்கினால் அவ்விடம் கொப்புளம்போல் உப்பும். வழிந்த பசையைத் துடைத்து, ஒருநாள் முழுதும் உலரவிடுக. பின்னர், மெருகெண்ணெயை மெல்லிய பூச்சாகப் பூசுக. ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே மற்றொன்று பூசவேண்டும். விரைவு கருதித் தடிப்பாகப் பூசினால், அது வழிந்து சுருங்கும். பல பூச்சுகள் ஏறியபின் நுண்ணிய உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்து, மீண்டும் பூசுக. தொடக்கத்திலேயே தேய்த்தால் படம் கிழியும். பூச்சு ஏற ஏறத் தாளின் விளிம்பு மறையும். விரலால் தடவினும் ஒட்டிய இடம் புலனாகாது. இவ்வாறு முடிந்த சாடியை நீரில் அமிழ்த்தலாகாது. ஈரத்துணியால் துடைத்தலே அமையும்.

இவ்வேலைக்குப் பொருட்செலவு சிறிது. பொறுமைச் செலவு பெரிது. நாளை மறுநாள் திருநாள் என்று இன்று தொடங்குவார்க்கு இது கைகூடாது. வேறொன்றாகத் தோன்ற முயன்ற சாடி நீரைத் தாங்கவில்லை. கண்ணாடியாகவே நின்று தாள்மலர் அணிந்த சாடியோ, உண்மை மலரையும் நெடுநேரம் வாடாமல் காக்கும். பரிசு அளிப்போர் உள்ளமும் அத்தகையதாதல் வேண்டும்: புறத்தே எளிய அணி, அகத்தே தெளிந்த நீர்.