எக்ஸ்பி கணினி ஒன்று தேவை

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் மருந்தும் தயாராகிறது, மோட்டார் உதிரிபாகமும் தயாராகிறது. எது தயாரானாலும் அதற்கு லேபிள் வேண்டும், அட்டைப்பெட்டி வேண்டும், பில் புத்தகம் வேண்டும். ஓசூர் சாலையில் இன்னும் சற்றுத் தள்ளிப் போனால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. அதனால் இந்தப் பக்கத்து டிடிபி கடைகளுக்குக் கன்னடம் மட்டும் தெரிந்தால் போதாது. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று தமிழிலும் தெலுங்கிலும் வேலை வரும். இப்படிப்பட்ட கடைகளில், இங்கிருந்து சிவகாசி வரைக்கும், விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினி ஒன்றை இன்னும் மூலையில் வைத்திருப்பவர்கள் உண்டு. அது பழுதாகிவிட்டால் அதேபோல இன்னொன்றைத் தேடி அலைகிறார்கள். அந்தத் தேடலில் நியாயம் இருக்கிறது.

அந்தக் கணினியில் ஓடுவது பேஜ்மேக்கர்; 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்த பக்க வடிவமைப்பு மென்பொருள். 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த 7.0 தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு. அதற்கு முன்பே, 1999-இல், அடோபியின் இன்டிசைன் வந்துவிட்டது. உலகம் அதற்கு மாறியபோது தமிழ் அச்சுத்துறை மாறவில்லை. சோம்பல் அதற்குக் காரணமல்ல. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதியை அடோபி முறையாகக் கொடுத்தது 2012-இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6 பதிப்பில்தான். அதுவரை ஸ்ரீலிபி, வானவில், இளங்கோ போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் சேர்ந்துதான் நம் பக்கங்களைக் கட்டின. சிற்றிதழ்கள், விழா மலர்கள், பாடநூல்கள், தல புராணங்கள் என்று இருபது ஆண்டுத் தமிழ் அச்சில் பெரும்பகுதி பேஜ்மேக்கரின் பி65, பிஎம்டி கோப்புகளாகக் கிடக்கிறது. அவற்றைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைனும் அதே சிஎஸ்6 தான். அடுத்து வந்த சிசி பதிப்பில் அந்த வழி அடைபட்டுவிட்டது. 2023 ஜனவரியிலிருந்து டைப் 1 வகை எழுத்துருக்களையும் அடோபி கைவிட்டது. பழைய கணினி தேவைப்படுவது இதனால்தான்.

வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் மேசை இழுப்பறையை. அங்கே டாங்கிள் இருக்கிறதா? இந்திய மொழி மென்பொருள்கள் பலவும் அந்தப் பூட்டு இருந்தால்தான் திறக்கும். பழைய டாங்கிள்கள் பிரின்டர் ஒயர் செருகும் எல்பிடி போர்ட்டில் மாட்டுபவை. யூஎஸ்பியை எல்பிடியாக மாற்றும் ஒயர் வாங்கினால் போதும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த ஒயர் பிரின்டருக்கு வேலை செய்யும், டாங்கிளுக்குச் செய்யாது. தனியாக கார்டு போட்டு எல்பிடி சேர்த்தாலும், மென்பொருள் தேடும் முகவரியில் அது இல்லாமல் போகலாம். மதர்போர்டிலேயே எல்பிடி உள்ள கணினியாகப் பார்த்து எடுப்பதுதான் உத்தமம்.

அடுத்தது வயது. மிகப் பழையதும் வேண்டாம், புதியதும் உதவாது. கோர் 2 டியோ காலத்திலிருந்து இன்டெலின் மூன்றாம் தலைமுறை வரை, ஏறத்தாழ 2007 முதல் 2012 வரை வந்தவை பொருத்தமானவை. நான்காம் தலைமுறையிலிருந்து இன்டெல் கிராபிக்ஸுக்கு எக்ஸ்பி டிரைவர் வரவில்லை. டிரைவர் இல்லாமல் அகலத் திரையில் எழுத்து இழுபட்டுத் தெரிந்தால் டிசைன் வேலை பார்க்க முடியாது. ஜி41 சிப்செட் போர்டுகள், டெல் ஆப்டிபிளெக்ஸ் 780 டவர் போன்ற அலுவலக மாடல்கள் நல்ல தேர்வு. ரேம் 2 ஜிபி தாராளம். 4 ஜிபி போட்டாலும் 32 பிட் எக்ஸ்பி முழுவதையும் பயன்படுத்தாது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரிஜினல் எக்ஸ்பி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்தக் கணினிக்கே முன்னுரிமை கொடுக்கலாம்.

பொம்மசந்திராக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்திலேயே இருக்கிறது. நிறுவனங்கள் கழிக்கும் கணினிகள் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வருகின்றன. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால் கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடும் எட்டிவிடும் தூரம்தான். ஆர்.வி. ரோடில் பச்சைத் தடத்துக்கு மாறி சிக்பேட்டையில் இறங்கினால் போதும்.

கடையில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மதர்போர்டில் நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டு நீண்ட நாள் தாங்காது. 2000-களின் முற்பகுதிப் போர்டுகளில் இந்த நோய் அதிகம். முடிந்தால் டாங்கிளையும் மென்பொருள் சிடியையும் கையோடு எடுத்துப் போய், அங்கேயே போட்டு ஒரு பழைய கோப்பைத் திறந்து பாருங்கள். எக்ஸ்பி ஏற்றும்போது நீலத்திரை வந்தால் பயாஸில் சாட்டா முறையை ஐடிஇ என்று மாற்றுங்கள்; பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க் வேண்டாம். வசதியிருந்தால் அதே மாடலில் இரண்டு பெட்டிகளாக வாங்கிவிடுங்கள், ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கு உதவும். ஹார்டு டிஸ்க்கை மட்டும் பழையதாக விடக் கூடாது. எல்லாம் நிறுவி முடித்ததும் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாங்கிள் யூஎஸ்பி வகையாக இருந்தாலோ, டாங்கிளே தேவைப்படாவிட்டாலோ பழைய கணினிக்கு அலையவே வேண்டாம் என்பது என் கருத்து. புதிய கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் எக்ஸ்பியை ஓட்டலாம். ஆப்பிளில் ஃப்ரீஹேண்ட் என்ற டிசைன் மென்பொருளில் பழகியவர்கள் கதை வேறு. அதன் கடைசிப் பதிப்பான எம்எக்ஸ், மேக்கில் 10.6 ஸ்னோ லெப்பர்ட் வரைதான் ஓடும். அத்தகைய பழைய மென்பொருள்களை ஓட வைத்த ரொசெட்டாவை 10.7-இல் ஆப்பிள் எடுத்துவிட்டது. ஆகவே 10.6 ஏறக்கூடிய மேக் ஒன்றைத் தேட வேண்டியிருக்கும்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-உடன் பாதுகாப்பு அளிப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் கணினிக்கு இணைய ஒயரும் வைஃபையும் கூடவே கூடாது. கோப்பு மாற்ற ஒரு பென் டிரைவைத் தனியாக ஒதுக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, ஒவ்வொரு முறையும் புதிய கணினியில் வைரஸ் சோதித்த பிறகே செருகுங்கள்.

இத்தனை பாடுபட்டு வாங்கிய கணினியில் தினசரி வேலையைத் தொடருவதோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அதன் முதல் வேலை, உள்ளே கிடப்பதை வெளியே கொண்டுவருவது. பேஜ்மேக்கர் 7.0-உடன் டிஸ்டிலர் வருகிறது. பக்கங்களை எழுத்துருவோடு பிடிஎஃப் ஆக்கிவிடலாம். அதில் தோற்றம் அப்படியே நிற்கும், ஆனால் தேடினால் தமிழ்ச் சொல் கிடைக்காது. அதற்கு உரையைத் தனியே எடுத்து என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்ற வேண்டும். மாற்றியபின் கண் வைத்துப் படிக்கவும் வேண்டும். பழைய முறையில் ஒற்றைக் கொம்பு முதலில், மெய்யெழுத்து பிறகு என்று கண்ணில் படும் வரிசையில் எழுத்துகள் பதிவாகியிருக்கும். யூனிகோடில் மெய் முதலில் வரும். ஔகாரக் குறியும் ளகரமும் ஒன்றுபோலத் தெரிவதால் அங்கே குழப்பம் அதிகம். வரி முடிவில் உடைத்த சொற்கள் உடைந்தபடியே வரும். இதைத் திருத்த அந்தக் காலத்து டிடிபி ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை குறையும். அவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

அச்சகம் வைத்திருப்பவர்களும், சிற்றிதழ் நடத்தியவர்களும், மலர் வெளியிட்ட சங்கங்களும் தங்களிடம் உள்ள சிடிகளையும் டாங்கிள்களையும் இந்த வாரமே எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய இரும்புக்காரருக்குப் போகும் முன் அந்தக் கணினியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கோப்புகளை எடுத்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.