ஆறு வயதுக்கும் ஓர் ஓட்டு!

இலண்டன் மாநகரத்திலே, ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் என்ற பெரிய நீதிமன்ற மாளிகை. கறுப்பு அங்கியும் வெள்ளைப் பொய்முடியும் தரித்தோர் நடமாடும் இடம். வாதியும் பிரதிவாதியும் நெஞ்சு படபடக்கக் காத்து நிற்கும் இடம். 2000ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், அந்த மாளிகையின் மண்டபம் ஒன்றிலே விந்தையான காட்சி ஒன்று நடைபெற்றது. விசாரணை நடத்தியோர் எழுந்து போய்விட்டனர். வழக்கறிஞர்கள் ஒதுங்கி நின்றனர். பள்ளிப் பிள்ளைகள் மண்டபத்தை நிறைத்தனர். அவர்களில் ஒருவர் தலைமை வகித்தார். "சர்க்கார் சமரசத்துக்கு வந்திருக்கிறது, இந்த நிபந்தனைகளை ஏற்பதா, வேண்டாமா?" என்பதே அன்றைய பொருள். பேசினார்கள். கேள்வி கேட்டார்கள். கை தூக்கினார்கள். ஏற்பதென்று முடிவாயிற்று. அதற்குப் பிறகுதான் இங்கிலாந்து தேசத்துச் சர்க்காரின் வழக்கு முடிந்தது!

பிள்ளைகளிடமா கேட்பது? பள்ளி நிர்வாகி கையெழுத்துப் போட்டால் போதாதா? இப்படித்தான் நம்மில் பலர் கேட்பர். கேட்பதிலே வியப்பில்லை. நாம் கண்டு பழகிய தனியார் பள்ளி அப்படி. தாளாளர் அறை என்று ஒன்று இருக்கும். உள்ளே சுழல் நாற்காலி, மேஜைமீது அழைப்பு மணி, சுவரிலே மாலையிட்ட படம். வெளியே பெஞ்சியிலே பெற்றோர் காத்திருப்பர். தலைமையாசிரியர் என்ற பெயர் தாங்கியவரும் அந்த மணி அடித்தால் ஓடுவார். கட்டணம் எவ்வளவு, எந்த ஆசிரியர் இருக்கலாம், எவர் நாளை முதல் வர வேண்டாம் என்பதெல்லாம் அந்த நாற்காலியிலே பிறக்கும் உத்தரவுகள். பிள்ளைக்கு அங்கே ஒரே வேலைதான்: கை கட்டி நிற்பது.

அந்த நாற்காலியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பள்ளி நடத்த முடியுமா என்று ஒரு மனிதர் பார்த்தார். அவர் பெயர் ஏ. எஸ். நீல். ஸ்காட்லாந்திலே ஃபோர்ஃபார் என்ற ஊரிலே 1883இல் பிறந்தவர். தகப்பனார் கிராமப் பள்ளி உபாத்தியாயர். அந்நாளைய ஸ்காட்லாந்துப் பள்ளியிலே பாடத்துக்கு அடுத்தபடி முக்கியமான பொருள் தோல்வார். நீலும் இளம் உபாத்தியாயராக அந்த வாரைச் சுழற்றியவர்தான். அதை அவர் மறைத்ததில்லை. 1914இல் கிரெட்னா கிரீன் என்னும் ஊரிலே தலைமையாசிரியரானார். நாளடைவில் வாரின்மீது வெறுப்பு வந்தது. பிறகு டார்செட் பகுதியிலே ஹோமர் லேன் என்பவர் நடத்திய லிட்டில் காமன்வெல்த் என்ற நிலையத்தைப் போய்ப் பார்த்தார். திருடினவர், அடிதடியில் இறங்கியவர் என்று கோர்ட்டு அனுப்பிய சிறுவர் சிறுமியர் அங்கே தாமே கூடிச் சட்டம் இயற்றித் தாமே நீதி வழங்கினர். திருடன் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளையால் முடிகிறது, மற்றப் பிள்ளையால் முடியாதா? அந்தக் கேள்வி நீலை விடவில்லை.

1921இல் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகருக்கு அருகே ஹெல்லராவ் என்ற இடத்திலே பள்ளி தொடங்கினார். அங்கிருந்து ஆஸ்திரிய நாட்டு மலையூருக்குப் போனார். கத்தோலிக்கப் பற்று மிகுந்த அந்த ஊராருக்கு இந்தப் பள்ளி பிடிக்கவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி, லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரிலே சம்மர்ஹில் என்று பெயருடைய வீட்டில் நடத்தினார். 1927இல் சஃபோக் மாவட்டத்து லெய்ஸ்டன் ஊருக்குக் குடிபெயர்ந்தபோது வீட்டை விட்டார், பெயரை விடவில்லை. அதே 1927இல்தான், நம் பகுத்தறிவு இயக்கத்தார் நன்கறிந்த பெட்ரண்டு ரசலும் அவர் துணைவியார் டோராவும் பீக்கன் ஹில் என்ற பள்ளியைத் திறந்தனர். ரசல் சில ஆண்டுகளில் விலகினார். டோரா அம்மையார் 1943 வரை தனியே போராடி நடத்தி, மூடினார். நீலின் பள்ளி நின்றது. உலகப் போரின்போது இராணுவம் கட்டடத்தை எடுத்துக் கொள்ள, வேல்ஸ் மலைநாட்டுக்குப் போய் 1945இல் திரும்பியும் நின்றது.

அந்தப் பள்ளியை ஆள்வது யார்? வாரந்தோறும் பொதுக்கூட்டம். பிள்ளைகளிலே ஒருவர் தலைமை. ஆசிரியர், சமையற்காரர், ஆறு வயதுச் சிறுமி, பள்ளியை நிறுவியவர் எல்லாருக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு. இரவு எத்தனை மணிக்கு விளக்கணைப்பது, பிறர் சைக்கிளைக் கேட்காமல் எடுத்தவருக்கு என்ன அபராதம், தொல்லை தருபவரை என்ன செய்வது, எல்லாம் அங்கேதான். ஒருமுறை நீல், 16 வயதுக்குட்பட்டோர் புகை பிடிக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டு வந்தார். நல்ல தீர்மானந்தானே? தோற்றுப் போனார்! நிறுவனர் கொண்டுவந்த தீர்மானம் நிறுவனரின் பள்ளியிலேயே தோற்கிறது. மறுநாள் ஒருவர் சீட்டும் கிழிக்கப்படவில்லை, ஒருவர் வேலையும் போகவில்லை. சட்டங்களையெல்லாம் தூக்கியெறிந்து பார்த்த நாட்களும் அந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. தூக்கம் கெட்டு, கூச்சல் மிகுந்து, தாங்களே அலுத்துப் போய்ச் சட்டங்களை மீண்டும் நிறைவேற்றிக் கொண்டதும் உண்டு.

பாட வகுப்புக்கு வருவதும் வராததும் பிள்ளையின் விருப்பம். ஆசிரியர் அட்டவணைப்படி வகுப்பில் இருக்க வேண்டும். பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "அப்படியானால் எவன் படிப்பான்?" என்று கேட்பீர்கள். நீல் தம் அனுபவக் கணக்கொன்று எழுதி வைத்திருக்கிறார். வேறு பள்ளியிலே வெறுப்பேறி வந்த பிள்ளை, தானாக வகுப்புக்குள் நுழையச் சராசரி 3 மாதம் ஆகுமாம். மிக நீண்ட காலம் எடுத்துக் கொண்டது ஒரு சிறுமி, 3 ஆண்டுகள். அந்தச் சிறுமி கன்னிமாடத்துப் பள்ளியிலிருந்து வந்தவள் என்பதையும் அவர் குறித்திருக்கிறார். கடவுள் பெயரால் கட்டிப்போட்ட இடத்து முடிச்சு அவிழ நாளாகும்போலும்!

1949இல் கல்வித் துறை ஆய்வாளர்கள் வந்தனர். சிறுவர் வகுப்புகளில் போதனை சரியில்லை என்று எழுதினர். பயனுள்ள கல்வி ஆராய்ச்சி ஒன்று இங்கே நடைபெறுகிறது என்றும் எழுதினர். நீல் புகழை மட்டும் கத்தரித்து ஒட்டவில்லை. குறையும் நிறையுமாக அந்த அறிக்கையைத் தம் நூலிலே அச்சிட்டார். 1960இல் அமெரிக்காவிலே வெளிவந்த அந்த நூல்தான் சம்மர்ஹில் என்ற பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மறுபக்கத்தை மறைத்தால் நாம் நேர்மையாளர் ஆகமாட்டோம். அந்தக் கூட்டம் எல்லாவற்றையும் ஆளவில்லை. ஆசிரியரை நியமிப்பது, நீக்குவது, கட்டணம் விதிப்பது, கடைக்காரர் கணக்கைத் தீர்ப்பது, சமையல் பட்டியல் தயாரிப்பது, இவை நீலிடமும் அவர் துணைவியாரிடமும் இருந்தன. பணப்பெட்டியின் சாவிக்கு ஓட்டெடுப்பு இல்லை. ஆசிரியர் பெற்ற சம்பளமோ சொற்பம். கட்டணம் கட்டக் கூடியவர் வீட்டுப் பிள்ளைதான் அங்கே சேர முடியும். லெய்ஸ்டன் பட்டறைத் தொழிலாளியின் மகன் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். 1973இல் நீல் மறைந்ததும் துணைவியார் ஈனா பொறுப்பேற்றார். 1985இல் மகள் ஸோயி ரெட்ஹெட் பொறுப்பேற்றார். கணவர், மனைவி, மகள்! பரம்பரையைப் பற்றி நம்மிடம் பேச வருவோர் கொஞ்சம் பொறுத்துக் கேட்கட்டும்: நாம் இதை நியாயப்படுத்தவில்லை. ஓட்டுப் போடும் பிள்ளைகளைக் கேட்டுத் தலைவியைத் தேர்ந்தெடுத்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும் என்றே சொல்கிறோம்.

இந்தப் பள்ளியின்மீது சர்க்காரின் கண் விழுந்த கதைக்கு வருவோம். 1990களிலே ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு நிறுவனம் வந்தது. சம்மர்ஹில்லுக்கு ஆய்வுக்குமேல் ஆய்வு. 1997இல் தொழிற் கட்சி ஆட்சிக்கு வந்தது. கல்வி, கல்வி, கல்வி என்று மும்முறை முழங்கி வந்த ஆட்சி! 1999 மார்ச்சிலே ஆய்வாளர் படையே பள்ளிக்குள் நுழைந்தது. ஏறத்தாழ 60 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 8 பேர்! பிறகு வந்தது குற்றச்சாட்டுத் தாக்கீது. வகுப்புக்கு வருவதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டது குற்றம். ஆணும் பெண்ணும் ஆசிரியரும் ஒரே கழிவறையைப் பயன்படுத்துவது குற்றம். இன்னும் சில. தாக்கீதின்படி திருந்தாவிட்டால் பள்ளியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும். பெயர் நீங்கினால் கதவை மூட வேண்டியதுதான். அந்நாள் கல்வி மந்திரி டேவிட் பிளங்கெட். உழைக்கும் மக்கள் பெயரால் ஆட்சிக்கு வந்தவர்கள், எந்தச் சின்னஞ்சிறு பள்ளியிலே பிள்ளைக்கு ஓட்டு இருக்கிறதோ அதைத் தேடிப் பிடித்துப் பூட்டப் பார்த்தார்கள்!

நம் தோழர்களிலேயே சிலர் இங்கே நம் கையைப் பிடிப்பார்கள். "சர்க்கார் பள்ளிதான் ஏழைக்கு வழி என்று பேசுகிறவர்கள் அல்லவா நாம்? தனியார் பள்ளியைச் சர்க்கார் கண்காணிக்க வேண்டும் என்று மேடைதோறும் கேட்பவர்கள் அல்லவா? கட்டணப் பள்ளிக்கு ஏன் வக்காலத்து?" என்பார்கள். நல்ல கேள்வி. சர்க்கார் நுழையக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. கும்பகோணத்தை நாம் மறக்கவில்லை. 2004 ஜூலை 16. ஒரே வளாகத்திலே மூன்று பள்ளிகள். கீழே சமையற்கூடத்திலே தீ. மாடியிலே கீற்றுக் கூரை. 94 பிஞ்சுகள் கருகின. அந்தக் கூரையைப் பார்த்து, இது ஆகாது என்று சொல்லிப் பிரித்துப்போட வைக்க ஒருவரும் இல்லை. அங்கே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கூட்டம் இருந்ததா, ஓட்டு இருந்ததா? ஐந்தாண்டு கழித்து, 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு மேலாண்மைக் குழு வேண்டும், அதிலே நான்கில் மூன்று பங்கு பெற்றோர் வேண்டும், பாதிப்பேர் பெண்களாக வேண்டும் என்றது. நல்லது. ஆனால் சர்க்கார் உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்த விதி இல்லை என்றும் அதே சட்டமே விலக்கு அளித்தது. எங்கே கேட்க ஆள் இல்லையோ, அங்கே விலக்கு!

ஆகவே, ஆய்வாளர் வரட்டும். கூரையைப் பார்க்கட்டும். மாடிப்படியின் அகலத்தை அளக்கட்டும். கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திருப்பிப் பார்க்கட்டும். ஆசிரியர் கையெழுத்திட்ட தொகையும் கையிலே வாங்கிய தொகையும் ஒன்றுதானா என்று தனியே அழைத்துக் கேட்கட்டும். லெய்ஸ்டனிலே நடந்ததோ வேறு. பிள்ளை பேசுகிற பள்ளிக்குப் போய், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "நீ வகுப்பிலே உட்கார்ந்தாயா?" என்று மட்டும் கணக்கெடுத்தார்கள்.

ஸோயி அம்மையார் பணிந்து போயிருக்கலாம். சிறிய பள்ளி, பெரிய சர்க்கார். வக்கீல் செலவை நினைத்தாலே தலை சுற்றும். வகுப்பைக் கட்டாயமாக்கிவிட்டால் கட்டணமும் வரும், அங்கீகாரமும் நிலைக்கும். அவர் மறுத்தார். பழைய மாணவரும் பெற்றோரும் பணம் திரட்டினர். வழக்கு 2000 மார்ச்சு 20ஆம் நாள் தொடங்கியது. பள்ளிக்காக வாதாடியவர் பெயர்பெற்ற வழக்கறிஞர் ஜெஃப்ரி ராபர்ட்சன். குறுக்கு விசாரணையிலே ஒரு சங்கதி அம்பலமானது. கண்காணிக்கப்பட வேண்டிய பள்ளிகள் என்று சர்க்கார் ஒரு பட்டியலை இரகசியமாக வைத்திருந்தது. சம்மர்ஹில் அதிலே ஒன்று. ஆண்டுதோறும் ஆய்வு வந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. சாட்சி சொல்ல வந்த அதிகாரத் தரப்பு திணறிற்று. நான்காம் நாள் சர்க்கார் சமரசம் பேச வந்தது.

வழக்கறிஞர்கள் பேசி முடித்த ஒப்பந்தம் மேஜைமீது இருக்கிறது. தலைவி கையெழுத்திட்டால் தீர்ந்தது. ஆனால் "இது என் பள்ளி மட்டும் அல்ல, கூட்டம் முடிவு செய்யட்டும்" என்ற நிலையை அவர் எடுத்தார். பள்ளி லெய்ஸ்டனிலே, பிள்ளைகள் இலண்டனிலே, அந்த நீதிமன்றத்திலேயே. எனவே மண்டபத்தைக் கேட்டார்கள், தந்தார்கள். நாம் முதலிலே சொன்ன காட்சி அதுதான். பரம்பரையாகத் தலைமை பெற்ற அம்மையார், வாழ்விலே மிகப் பெரிய முடிவை எடுக்க வேண்டிய வேளையிலே, தம் ஒரு கையைத் தூக்கிப் பிள்ளைகளின் கைகளோடு எண்ணிக்கையில் சேர்த்தார். தோற்றிருந்தால்? வழக்கு தொடர்ந்திருக்கும், பள்ளியே போயிருக்கவும் கூடும். அந்த ஆபத்தோடுதான் ஓட்டெடுப்பு நடந்தது.

ஒப்பந்தத்திலே என்ன இருந்தது? வகுப்புக்கு வராதிருக்கும் உரிமை மதிக்கப்படும். இனிமேல் ஆய்வு நடக்கும்போது பள்ளி குறிப்பிடும் வல்லுநரும் உடன் இருப்பர். பள்ளியின் கொள்கை கணக்கிலே கொள்ளப்படும். பிள்ளைகளின் கருத்தும் கேட்கப்படும்.

2007இல் ஆய்வாளர்கள் மறுபடி லெய்ஸ்டனுக்கு வந்தனர். இந்த முறை பிள்ளைகளோடும் பேசினர். திருப்தி என்று எழுதிவிட்டுப் போயினர். வகுப்புக்கு வருவது அன்றும் கட்டாயமில்லை. கட்டணமும் இருந்தது, பட்டறைத் தொழிலாளியின் மகன் இன்னும் வேலிக்கு வெளியேதான்.