மலையகம் வரும் தமிழ்ப் பயணிகளுக்கு: அறிய வேண்டிய சட்டமும் காக்க வேண்டிய மரியாதையும்

தமிழ்நாட்டிலிருந்தும் ஐரோப்பா, கனடாவிலிருந்தும் இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பக்கம் வரும் தமிழர்களுக்கு வந்திறங்கிய அன்றே ஒரு நிம்மதி கிடைத்துவிடுகிறது. ஆட்டோக்காரர் தமிழில் விலை சொல்கிறார். தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் இருக்கிறது. கடையில் சுடச்சுட ரொட்டியும் தேநீரும் கிடைக்கின்றன. கவனக்குறைவும் அந்த நிம்மதியிலிருந்துதான் பிறக்கிறது. நம்ம ஊர்தானே என்ற நினைப்பில் வீசா விதிகளைப் படிக்காமல் வந்துவிடுகிறார்கள். ரயில் படியில் தொங்குகிறார்கள். யாரையும் கேட்காமல் தேயிலை மலைக்குள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். மொழி ஒன்றாக இருக்கலாம், நாடு வேறு, சட்டமும் வேறு. இங்கே வாழும் மக்களின் வரலாறும் தனியானது. இதை மனதில் வைத்து வருபவருக்கு மலையகம் தாராளமாகவே இடம் கொடுக்கும்.

புறப்படும் முன்

விமானத்தில் கட்டுநாயக்காவில் இறங்கினாலும், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தாலும் கடவுச்சீட்டும் பயண அனுமதியும் கட்டாயம். கடவுச்சீட்டு, வந்திறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஈ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அதிகாரபூர்வத் தளத்திலேயே பெற வேண்டும். அதே தோற்றத்தில் இயங்கும் இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு கட்டணம் வாங்குகின்றன. சிலர் பணத்தைக் கட்டிவிட்டு அனுமதி வராமல் நின்றிருக்கிறார்கள். கட்டணமும் சலுகைகளும் அடிக்கடி மாறும். 2024இல் வீசா வழங்கும் பணி தனியார் கைக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது, பிறகு பழைய முறை திரும்பியது. ஆகவே போன வருடம் வந்துபோன நண்பர் சொன்னதை வைத்துத் திட்டமிடாதீர்கள்.

சுற்றுலா அனுமதியில் வந்து சம்பளத்துக்கு வேலை செய்வது குற்றம். குறித்த நாளுக்கு மேல் தங்கினால் தண்டப்பணம் கட்ட நேரும், நாடுகடத்தவும் இடமுண்டு. மெல்லும் புகையிலைக் கலவைகளுக்கு இங்கே 2016 முதல் தடை இருப்பதால் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டாம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் முன் அனுமதி வேண்டும். வாடகை வாகனத்தை நீங்களே ஓட்டப் போகிறீர்கள் என்றால் சொந்த நாட்டு உரிமம் மட்டும் போதாது, இலங்கையில் அதற்கு அங்கீகாரம் பெற வேண்டும். அது இல்லாமல் விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடும்.

வழிபாட்டு இடங்களில்

பௌத்த விகாரைக்குள் செருப்பும் தொப்பியும் கூடாது. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை இங்குள்ளவர்கள் பெரிய அவமதிப்பாகக் கருதுகிறார்கள். 2012இல் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்குக் காலி நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. விளையாட்டாகத்தான் செய்தோம் என்ற விளக்கத்தால் அவர்கள் தப்பவில்லை.

மாதந்தோறும் பௌர்ணமி நாள் போயா விடுமுறை. அன்று மதுக்கடைகள் மூடியிருக்கும், இறைச்சி விற்பனையும் கிடையாது. பயணத் தேதியை முடிவு செய்யும்போதே நாட்காட்டியைப் பாருங்கள். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை நடக்கும். 2,243 மீட்டர் உயரமான அந்த மலையைப் பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என நான்கு மதத்தவரும் புனிதமாகக் கொண்டாடுகிறார்கள். ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்து படியேறலாம். பருவம் முடிந்துவிட்டால் படிகளில் விளக்கிருக்காது, கடைகளும் திறந்திருக்காது. இரவில் தனியாக ஏற முயலாதீர்கள். பருவ காலத்தில் பாட்டும் கூச்சலும் வேண்டாம். பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கும் பாட்டி நேர்த்திக்கடனுக்காக வந்தவராக இருப்பார்.

தோட்டம் ஒரு வேலைத்தலம்

பயணிகள் அதிகம் தவறுவது தேயிலைத் தோட்டத்தில்தான். சாலையோரம் வேலி இல்லை என்பதற்காக அது பொது இடமாகிவிடாது. தோட்டம் நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பல மலைகளில் மருந்தும் தெளிக்கிறார்கள். தோட்ட அலுவலகத்திலோ பயணிகளை வரவேற்கும் தொழிற்சாலையிலோ கேட்டுக்கொண்டு உள்ளே போவதுதான் முறை.

கொழுந்து எடுக்கும் பெண்களைப் படம் பிடிப்பதற்கு முன் அவர்களுடைய கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று நிர்வாகம் இலக்கு வைத்திருக்கிறது. நிறுவையில் அது குறைந்தால் முழுப் பேருக்குப் பதில் அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். நீங்கள் சிரிக்கச் சொல்லி, கூடையைத் திருப்பச் சொல்லி எடுத்துக்கொள்ளும் பத்து நிமிடம் அவர்களுடைய கூலியிலிருந்து போகிறது. “அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். சம்மதித்தால் அவருடைய நேரத்துக்கு உரியதைக் கையில் கொடுங்கள். அதைப் பிச்சை போடுவதுபோல் நீட்டாதீர்கள்.

லயங்கள் மக்கள் குடியிருக்கும் வீடுகள். ஓர் அறையும் ஒரு திண்ணையுமாக வாழும் குடும்பத்துக்கு வாசலே சமையலறையாகவும் வரவேற்பறையாகவும் இருக்கும். அங்கே கேமராவோடு நுழைவதற்கும், பீலித் தண்ணீரில் குளிப்பவர்களைப் படம் எடுப்பதற்கும் யாருக்கும் உரிமையில்லை. பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் அனுமதியின்றி எடுக்கவோ சமூக ஊடகத்தில் போடவோ கூடாது. இனிப்பும் காசும் நேரடியாகப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அது பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பிள்ளையை வேன் வரும் பாதையோரம் நிறுத்திவிடுகிறது. உதவும் மனமிருந்தால் தோட்டப் பாடசாலை அதிபரிடம் பேசுங்கள்.

பேச்சிலும் நிதானம் தேவை. 1820களிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் சந்ததி இவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு அனுப்பிக் குடும்பங்களைப் பிரித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் குடியுரிமைப் போராட்டம் பெருமளவு முடிவுக்கு வந்தது. அப்படிப்பட்டவர்களிடம் “நீங்க இந்தியாக்காரங்கதானே?” என்று அன்போடு கேட்டாலும் அது வலிக்கும். அவர்கள் இந்த நாட்டுக் குடிமக்கள், மலையகத் தமிழர். இந்த மலைகளைக் காடு வெட்டித் தோட்டமாக்கியவர்களும் அவர்களுடைய முன்னோரே.

மலையும் மழையும் ரயிலும்

2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலில் மலையகம் மிக மோசமாகச் சரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். சாலைகளும் மலைநாட்டு ரயில் பாதையும் பெருஞ்சேதம் கண்டன. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். மழைக்காலத்தில் தங்குமிடத்தைப் பதிவு செய்யும்போது அந்தப் பிரதேசத்தின் நிலையைக் கேளுங்கள். ரயில் எதுவரை ஓடுகிறது என்பதையும் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரயில் கதவில் சாய்ந்து வெளியே எட்டிப் படம் எடுப்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. பதுளைப் பாதையில் சுரங்க வழிகளும் கற்பாறைகளும் பெட்டியை உரசும் தூரத்தில் இருக்கின்றன. 2025 தொடக்கத்தில் அப்படி எட்டிப் பார்த்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் அடிபட்டு உயிரிழந்தார். இருக்கைச் சீட்டைப் புகையிரதத் திணைக்களத்திடமே பதிவு செய்யுங்கள். நானுஓயா, ஹட்டன் நிலையங்களில் கூடுதல் விலைக்குச் சீட்டு நீட்டுபவர்களிடம் வாங்காதீர்கள்.

சாலைப் பயணத்தைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தது விடியலுக்கு முன்னர்தான். இரவு முழுக்க ஓட்டிய சாரதியிடம் மறுநாள் காலை மலைப்பாதையில் வேனைக் கொடுக்காதீர்கள்.

குளவிகள் இங்கே வேடிக்கையல்ல. கூடு கலைந்து கொட்டியதில் தோட்டத் தொழிலாளர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். மரத்திலோ பாறையிலோ கூட்டைக் கண்டால் கல்லெறியாமல், சத்தமிடாமல் விலகிப் போங்கள். நீர்வீழ்ச்சிகளின் அடியிலும் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களிலும் குளிக்க இறங்காதீர்கள். மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளம் 800 மீட்டருக்கும் மேல் ஆழமானது. விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கப் போய் விழுந்தவர்கள் உண்டு. பொலித்தீனைப் பூங்கா வாயிலிலேயே எடுத்துவிடுவார்கள். மான்களுக்கு எதையும் ஊட்டக்கூடாது.

பணத்தைப் பற்றி

ஆட்டோவோ வேனோ ஏறும் முன் விலை பேசுங்கள். சாரதி வலிந்து கூட்டிப்போகும் வாசனைத் திரவியத் தோட்டங்களில் எண்ணெய், மூலிகை விலையில் அவருடைய தரகும் சேர்ந்திருக்கக்கூடும். அச்சிட்ட விலைக்கு மேல் எந்தப் பொருளையும் விற்கக்கூடாது. கூடுதலாகக் கேட்டால் பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்யலாம். 2024இல் கொழும்பு புதுக்கடையில் கொத்து ரொட்டி விலை கேட்ட வெளிநாட்டவரை மிரட்டிய கடைக்காரர், காணொளி பரவியதும் கைதானார். தேயிலை வாங்கும்போது பொதியில் இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைத் தேடுங்கள். முழுக்க இலங்கையில் விளைந்து இங்கேயே பொதி செய்யப்பட்ட தேயிலைக்குத்தான் அது கிடைக்கும்.

உங்கள் உரிமையும் பரிகாரமும்

இலங்கை அரசியலமைப்பின் சில உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும் உரியவை. ஆனால் 12(1)ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லா ஆட்களும் சமம் என்கிறது. கைது செய்யப்படும் எவருக்கும் காரணம் சொல்லப்பட வேண்டும் என்கிறது 13(1). இவை பயணிகளுக்கும் பொருந்தும். 2014இல் கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்ததற்காக ஒரு பிரித்தானியப் பெண் கைதாகி நாடுகடத்தப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2017இல் தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கச் சொன்னது. இத்தகைய மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், அதனால் சட்டத்தரணியை உடனே பாருங்கள்.

தமிழும் இங்கே அரச கரும மொழி. பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு செய்யலாம். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வாசித்து விளக்கும்படி கேளுங்கள். புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். முறைப்பாட்டின் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள், காப்புறுதிக்கும் புதிய கடவுச்சீட்டுக்கும் அது வேண்டும். இந்தியர்கள் கொழும்பு உயர் ஸ்தானிகராலயத்தை நாடலாம். மலையகத்துக்கு அருகில் கண்டியில் உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. கைதானால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கச் சொல்வதும் உங்கள் உரிமை.

கைப்பேசியில் பதிந்துகொள்ள வேண்டிய எண்கள்:

- பொலிஸ் அவசரம்: 119
- சுவசெரிய இலவச அம்புலன்ஸ்: 1990
- சுற்றுலா உதவி, முறைப்பாடு: 1912
- பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை: 1977
- அனர்த்த முகாமைத்துவ நிலையம்: 117
- பெண்களுக்கான உதவி: 1938

அநீதி நடந்தால் பயணிக்கு முறையிட இடமிருக்கிறது. அதே நீதி இந்த மலைகளில் உழைப்பவர்களுக்கும் உரியது. உங்கள் உரிமையைத் தயங்காமல் கேளுங்கள். அவர்களுடைய நேரத்தையும் வாசலையும் பெயரையும் மதியுங்கள். பயணச் செலவில் ஒரு பங்கு தோட்டத்துப் பிள்ளைகள் நடத்தும் தங்குமிடத்துக்கும், உள்ளூர் வழிகாட்டிக்கும், சந்தியிலுள்ள சாப்பாட்டுக் கடைக்கும் போய்ச் சேரட்டும். உறவென்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் அதைக் காட்டும் முறை அதுதான்.