பாட்டு, விளையாட்டு, ராத்தங்கல்... பிள்ளைகளை இசை முகாமுக்கு அனுப்பலாமா?

முழுப் பரீட்சை முடிந்தாயிற்று. சங்கரன்கோவிலில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. குற்றாலம் போகலாம் என்றால் சாரல் தொடங்க ஜூன் வர வேண்டும். செல்போனும் கையுமாக இருக்கும் பிள்ளையைப் பாட்டு வகுப்பிலோ கீபோர்டு வகுப்பிலோ சேர்த்துவிடலாமா என்று அம்மாக்கள் விசாரிக்கும் நேரம் இது. ஆனால், ஒரு மணி நேர வகுப்பு முடிந்ததும் கீபோர்டு உறைக்குள் போய்விடுகிறது. மறுநாள்தான் வெளியே வருகிறது. சிக்கலே அங்கேதான்!

அங்கேயே தங்கி, பகலில் பாடமும் மீதி நேரத்தில் நீச்சலும் விளையாட்டுமாக இருந்தால்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இன்டர்லாக்கன் என்ற இடத்தில், இரண்டு ஏரிகளுக்கு நடுவே 1928-ல் இப்படியொரு முகாமைத் தொடங்கினார் ஜோசப் மேடி என்ற இசை ஆசிரியர். முதல் கோடையில் வந்தவர்கள் 115 மாணவர்கள். இன்றும் நடக்கிறது. கூகுள் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் சிறுவயதில் சாக்ஸபோன் பயின்றது இங்கேதான். போட்டி வைத்து, வாத்தியக் குழுவில் யார் முன் இருக்கையில் அமர்வது என்று முடிவுசெய்யும் வழக்கமும் அங்கே இருந்தது. கொஞ்சம் கண்டிப்பான இடம்தான்!

தங்கிப் படிப்பது நமக்குப் புதிதல்ல. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்த நாகஸ்வர மேதை காருக்குறிச்சி அருணாசலம், டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குருவோடு சேர்ந்து வாசித்தே வளர்ந்தவர். குருகுலவாசத்தில் உட்கார்ந்து கற்ற பாடத்தைவிட, விடியற்காலை சாதகத்தைக் காதில் வாங்கிக்கொண்டே எழுந்த கேள்வி ஞானம்தான் அதிகம். அதற்காக அந்தக் காலத்தை ரொம்பவும் புகழ வேண்டியதில்லை. வீட்டு வேலையும் திட்டும் சேர்ந்தே கிடைத்தன. பெண் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு அரிது.

இன்று அதற்கு நெருக்கமாக இருப்பது ஸ்பிக் மேகே அமைப்பின் ஆண்டு மாநாடு. டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் 1977-ல் தொடங்கிய அமைப்பு இது. 2024 மே 20 முதல் 26 வரை சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த மாநாட்டின் தொடக்க விழாவுக்கு இளையராஜா வந்திருந்தார். விடியும் முன்பே எழுந்து யோகா, பிறகு ஒரு கலைஞரிடம் தினமும் பயிற்சி, மாலையில் கச்சேரி, விடிய விடிய ஒரு கச்சேரி என்பது இந்த மாநாடுகளின் நடைமுறை. சுற்றிலும் புள்ளிமான்கள் திரியும் வளாகம் வேறு! குருவின் வீட்டிலேயே ஒரு மாதம் போலத் தங்கிக் கற்க மாணவர்களுக்கு உதவித்தொகைத் திட்டமும் இந்த அமைப்பில் உண்டு.

"எல்லாம் சரி, பிள்ளையை ராத்திரி எப்படித் தனியாக விடுவது?" நியாயமான பயம்தான். எந்த முகாமானாலும் பணம் கட்டும் முன் நேரில் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தில் இரவில் பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? குளம், ஆறு என்று கூட்டிப்போனால் நீச்சல் தெரிந்த பெரியவர் கூடவே இறங்குவாரா? இதற்கெல்லாம் மழுப்பலாகப் பதில் வந்தால், விளம்பரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம். எல்லாம் திருப்தியாக இருந்து பிள்ளையை விட்டுவிட்டு வந்தால், முதல் ராத்திரி போனில் அழுகை கேட்கும். காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். வீட்டு நினைப்புதான் என்றால் ஒரு நாள் பொறுக்கலாம். யாராவது மிரட்டினார்கள், தொட்டார்கள் என்றால் அப்போதே கிளம்புங்கள்.

வெளியூர் அனுப்ப வசதி இல்லையா? திருநெல்வேலி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாகஸ்வரம், தவில், வயலின் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். மூன்றாண்டுப் படிப்பு. ராத்தங்கல் மட்டும் ஆச்சி வீட்டில் வைத்துக்கொள்ளலாம்!