நோட்டரி முத்திரையும் மாநில எல்லையும்

ஹைதராபாத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, தஞ்சாவூரிலுள்ள பூர்வீக வீட்டைத் தம்பியின் மூலம் விற்க நினைப்பவர், நீதிமன்ற வாசலில் நோட்டரியின் முன் கையெழுத்திட்டு, முத்திரையும் வரிசை எண்ணும் பெற்ற பவர் பத்திரத்தைத் தபாலில் சேர்த்துவிட்டால் காரியம் முடிந்ததென்றே கருதுவார். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசு நியமித்த நோட்டரிக்கு அம்மாநிலமே எல்லையாயினும், அவர் அத்தாட்சி செய்த பவர் பத்திரத்தை எந்த மாநில நீதிமன்றமும் முறையானதென்றே அனுமானிக்கும். சார்பதிவாளர் விஷயமோ வேறு: 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, ஒருவருக்காகப் பத்திரத்தைத் தாக்கல் செய்யும் பிரதிநிதியின் அதிகாரம், அவரை நியமித்தவர் வசிக்கும் ஊரின் பதிவதிகாரி முன்னிலையிலேயே எழுதப்பட வேண்டும் என்கிறது. அயல்நாட்டில் வசிப்பவருக்கு அங்குள்ள நோட்டரியே போதும் என்பது வேடிக்கைதான்! ஆகவே ஹைதராபாத்வாசி தம் பகுதிச் சார்பதிவாளரையே நாடுவது உசிதம். நோயாளியானால் அதிகாரியே இல்லம் தேடி வரவும் சட்டம் இடமளிக்கிறது.